ஒரு மென்சவ்வின் தடிப்பு

நான் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்துக்குப் புதிதாக ஓர் இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்திருக்கிறது. போன மாதம் அங்குள்ள பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். பொத்தானை அமத்தினால் படம் எடுக்கிறது, படத்தின் மூலையில் தானாகவே அளவுகோலும் போட்டுக்கொள்கிறது. "மிஸ், உங்க காலத்தில இதெல்லாம் எப்படிச் செஞ்சீங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். "பயந்து பயந்துதான்" என்றேன். அதை எழுதித் தரச் சொன்னாள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பேசித்தான் பழக்கம். ஆகவே பேசுகிற மாதிரியே எழுதுகிறேன், கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கண்டி மஹய்யாவையில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு நகரசபையில் வேலை. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தேன். டொக்டராகும் அளவுக்குப் புள்ளி வரவில்லை, வீட்டில் சும்மா இருக்கும் அளவுக்குப் பொறுமையும் இல்லை. பேராதனைப் பக்கத்து நிலையமொன்றில் ஆய்வுகூட உதவியாளர் வேண்டும் என்று பேப்பரில் பார்த்து விண்ணப்பம் போட்டேன், கிடைத்துவிட்டது. பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்புவோம் என்றார்கள். கொழும்புக்கு அனுப்பினார்கள், ஆறு வாரம். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

என்ன வேலை என்று வீட்டில் விளங்கப்படுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒரு மில்லிமீற்றரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குக்கு நனோமீற்றர் என்று பெயர், அந்தக் கணக்கில் பொருட்களை வெட்டி, படமெடுத்து, அளப்பதுதான் வேலை என்றேன். அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்து லயத்து வீடுகளில் போய், "எங்க ராணி கண்ணுக்குத் தெரியாத வேலை பாக்குது" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு பல வருஷங்களுக்குத் தண்ணீர்க் குழாயடியில் என்னைக் கண்டவர்களெல்லாம், "என்னா ராணி, இன்னைக்காவது வேல கண்ணுக்குத் தெரிஞ்சிச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் திருச்செல்வம் சேர், யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, மழை இல்லாவிட்டாலும் கையில் குடை. யாரையும் திட்டமாட்டார். பிழை செய்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். அவர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினால் நான் செய்த வேலையை முதலிலிருந்து சரிபார்க்கத் தொடங்கிவிடுவேன். நிலையத்தின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறையில், கதவை விட உயரமான எங்கள் இலத்திரன் நுணுக்குக்காட்டி, ஜப்பான் இயந்திரம், நின்றது. அதற்குப் பக்கத்தில் வெட்டும் அறை, அதற்கடுத்தது படம் கழுவும் இருட்டறை. மூன்று அறைக்கும் சேர்த்து ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

வெட்டும் விதத்தைச் சொன்னால்தான் பின்னால் சொல்லப்போவது விளங்கும். இலையோ, ஈரலோ, எதுவானாலும் கடுகை விடச் சின்னத் துண்டை எடுத்துப் பிசினில் ஊறவைத்து, கல் மாதிரி இறுக வைப்போம். பிறகு கண்ணாடிக் கத்தியால் வெட்டுவோம். கண்ணாடியைக் காலையில் உடைத்தால் அதன் கூர் பின்னேரம் வரை நிற்காது, அதனால் தினமும் உடைக்க வேண்டும். கத்தியின் பின்னால் ஒரு சின்னத் தொட்டியில் தண்ணீர் இருக்கும். வெட்டப்பட்ட ஏடு அந்தத் தண்ணீரில் வந்து மிதக்கும். அதன் தடிப்பை எந்தக் கோலாலும் அளக்க முடியாது, நிறத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வெளிச்சத்தில் வெள்ளியாக மின்னினால் சரியான தடிப்பு. தங்கமாக மின்னினால் தடித்துவிட்டது. ஊதா என்றால் குப்பைக்கு. தங்கத்தைக் கழித்துவிட்டு வெள்ளியைப் பொறுக்குகிற இடம் கண்டியிலேயே எங்கள் ஆய்வுகூடம் ஒன்றுதான் என்று நான் நகைக்கடைக்காரச் சிநேகிதி ஒருத்தியிடம் பெருமையடிப்பதுண்டு.

அந்த ஏடுகளை எதனால் ஒதுக்குவது? ஊசி பட்டால் கிழிந்துவிடும், தூரிகை பட்டால் ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஏற்றது மனித இமைமயிர். ஒரு மயிரைப் பிடுங்கி, குச்சி நுனியில் ஒட்டி, அதால் தண்ணீரில் மிதக்கும் ஏடுகளைத் தள்ளித் தள்ளி வரிசைப்படுத்துவோம். உலகத்தில் இந்த வேலை செய்கிற எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள், நான் புளுகவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் சேர் என் முகத்தை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவருடைய இமையில் இருந்ததே நாலைந்து மயிர்தான், அதிலும் உருப்படியானது ஒன்றும் இல்லை. நிலையத்துப் பியோன், காவற்காரர், சேர் வீட்டு நாய் என்று எல்லோருடைய மயிரையும் பரீட்சித்துப் பார்த்துத் தோற்றுப்போயிருந்தார். "பிள்ளை, குறை நினையாதையும்," என்று இழுத்தார். "உம்மட கண்ணில ஒண்டு தருவீரோ?" கொடுத்தேன். அதை அறுபது மடங்கு பெருப்பித்துப் பார்த்தவர், "அருமையான நுனி. இண்டையில இருந்து நீர் கண்ணைக் கசக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டார். என் முகத்தைப் பார்த்து இதுவரைக்கும் ஒருவர் சொன்ன ஒரே புகழ்ச்சி அதுதான்.

அடுத்தது பிள்ளையார் சுழி. இயந்திரம் பத்தாயிரம் மடங்கு என்று காட்டினால் அது பத்தாயிரம் மடங்குதான் என்று நம்பக் கூடாது. அதன் வில்லைகள் மின்சாரக் காந்தங்கள். மின்சாரம் கூடிக் குறைந்தால் அவற்றின் குணமும் மாறிவிடும். அதனால் ஒவ்வொரு படச்சுருளிலும் முதற் படமாக, இடைவெளி துல்லியமாகத் தெரிந்த கோடுகள் போட்ட ஒரு தகட்டை எடுப்போம். பிறகு அந்தக் கோடுகளை வைத்துத்தான் சுருளிலுள்ள மற்றதை எல்லாம் அளப்போம். சேர் அதைப் பிள்ளையார் சுழி என்பார். சுழி போடாத சுருளை அவர் கையாலும் தொடமாட்டார்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருஷம் எண்பத்து மூன்று ஜூலைக் கலவரம் வந்தது. கண்டியில் தமிழர் கடைகள் எரிந்தன. நாங்கள் குடும்பத்தோடு அம்பிட்டியவில், அப்பாவுடன் வேலை செய்த சிங்களவர் ஒருவரின் வீட்டுப் பின்னறையில் ஆறு நாள் இருந்தோம். பயந்தோம், அழுதோம், அவர்கள் தந்ததைச் சாப்பிட்டோம். ஏழாம் நாள் ஊரடங்கு தளர்ந்ததும் நான் வேலைக்குப் போனேன். சேர் அறையைத் துடைத்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வந்திட்டீர்" என்றார். கண்கள் கலங்கியிருந்தன. அந்த ஆறு நாளும் அவர் எங்கே இருந்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிறகு சண்டை பெரிதானது. அந்தக் காலத்தில் யாரோ எங்கள் மேல் ஒரு பெட்டிசம் போட்டார்கள். கீழ்த்தளத்தில் இரண்டு தமிழர் தனியாக யுரேனியம் வைத்திருக்கிறார்கள் என்று. பெட்டிசம் எழுதியவரைக் குறை சொல்ல முடியாது, யுரேனியம் இருந்தது உண்மைதான். படத்தில் கறுப்பு வெளுப்புத் தெளிவாகத் தெரிய ஏடுகளுக்குச் சாயம் போட வேண்டும், அந்தச் சாயம் யுரேனிய உப்பு. மஞ்சள் தூள் மாதிரி, ஒரு சின்னப் போத்தலில் தேக்கரண்டி அளவு. பொலிஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் நாலு பேருடன் வந்து அலுமாரியைத் திறக்கச் சொன்னார். போத்தலைக் கண்டதும் அந்த நாலு பேரும் சொல்லிவைத்த மாதிரி ஓரடி பின்னால் போனார்கள். நான் சிங்களத்தில் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி, ஒரு கொசுவின் கால் நுனியை இயந்திரத்தில் காட்டினேன். இன்ஸ்பெக்டர் அரை மணித்தியாலம் அதை விட்டு எழும்பவில்லை. போகும்போது, "இவ்வளவு நகம் இருக்கிறதா அதுக்கு" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். ஆனாலும் பெட்டிசம் கோப்பில் இருந்தது. மேலிடத்தில் எங்களைச் சந்தேகமாகப் பார்க்கிறவர்கள் இருந்தார்கள். சேர் அதன் பிறகு முன்னை விடக் கவனமானார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

அது எண்பதுகளின் கடைசி. வடக்கில் ஒரு சண்டை, தெற்கில் கிளர்ச்சிக்காரச் சிங்கள இளைஞர்களோடு இன்னொரு சண்டை. சுவரொட்டி ஒன்று ஒட்டினால் கடை பூட்டும், பஸ் நிற்கும். மின்மாற்றிகளை உடைத்துவிடுவார்கள், மின்சாரம் வரும், போகும். அப்படியொரு கிழமையில் ஆஸ்பத்திரியிலிருந்து சிறுநீரக டொக்டர் ஒரு நோயாளியின் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் எடுத்த சின்னத் துண்டு ஒன்றை அனுப்பியிருந்தார். அவர் சிங்களப் பெண், அதிகம் பேசாதவர். நோயாளிக்கு இருபத்து மூன்று வயது. கணித ஆசிரியை நியமனத்துக்காக வைத்தியப் பரிசோதனை செய்தபோது சிறுநீரில் இரத்தம் தெரிந்திருக்கிறது. அவளுடைய தாய்மாமன் இளவயதிலேயே சிறுநீரகம் பழுதாகி இறந்தவர். இவளுக்கும் அதுவா என்பதுதான் கேள்வி.

சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிக்கிற மென்சவ்வு ஒன்று இருக்கிறது. அது எல்லா இடத்திலும் ஒரே சீராக மெல்லியதாக இருந்தால் பயமில்லை. கொஞ்சம் இரத்தம் கசியும், ஆள் நூறு வயது வரை இருக்கலாம். மாறாக அது தடித்தும் பிளந்தும் கிடந்தால் மாமனின் வழிதான். டொக்டர் எங்களுக்கு எழுதித் தந்த எல்லை இருநூற்று ஐம்பது நனோமீற்றர். அதற்குக் கீழே என்றால் மெல்லிய சவ்வு. அதற்கு மேலே என்றால் இரத்தத்துக்கு வேறு காரணம் தேட வேண்டும், அதில் மாமனின் நோய்தான் முதலாவது.

நான் வெட்டினேன், படமெடுத்தேன், அளந்தேன். நாலு இடத்தில் அளந்ததில் சராசரி இருநூற்று முப்பது. பிளவு எதுவும் இல்லை. சேர் கையெழுத்துப் போட்டார், அறிக்கை போனது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

நாலாம் நாள் காலையில் பெண்ணின் தகப்பன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பிலிமத்தலாவையில் புடவைக்கடை வைத்திருக்கும் ஹாஜியார். கையில் ஒரு பெரிய பாத்திரம் நிறைய, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம். "என்ட மகளுக்கு ஒண்டும் இல்லயாம், டொக்டர் செல்லிட்டாங்க," என்றார். "யார் பாத்ததெண்டு கேட்டேன், இங்க செல்லி அனுப்பினாங்க. இதச் சாப்பிடுங்க. வார கிழமை நிக்காஹ். மாப்பிள்ள வீட்டாக்கள் இந்த ரிப்போட்டுக்குத்தான் பாத்துக்கிட்டு ஈந்தாங்க." மகளின் பெயர் நஸீஹா என்றும், கணக்கில் அவளை அடிக்க ஆளில்லை என்றும் அவர்தான் சொன்னார். எங்களுக்கு நோயாளிகள் என்றால் இலக்கங்கள்தான். பெயரோடு வந்த முதல் ஆள் அவள்தான்.

ஹாஜியார் போனதும் நான் மூன்று துண்டு வட்டிலப்பம் தின்றேன். ருசியென்றால் அப்படியொரு ருசி. விரலை நக்கிக்கொண்டே மிச்ச வேலைக்கு உட்கார்ந்தேன்.

அந்தக் காலத்தில் பிலிமுக்குத் தட்டுப்பாடு. ஒரே சுருளில் இரண்டு மூன்று பேருடைய படங்களை எடுப்போம். நஸீஹாவின் சவ்வு இருந்த அதே சுருளில், அதற்குப் பின்னால் விவசாயப் பகுதிக்காரர் ஒருவருக்காகப் புகையிலை வைரஸ் எடுத்திருந்தேன். அது நேரான குச்சி மாதிரி இருக்கும், நீளம் முந்நூறு நனோமீற்றர். உலகத்தில் எங்கே எடுத்தாலும் அது முந்நூறுதான். அளந்தேன். இருநூற்று எழுபது வந்தது. இன்னொரு குச்சியை அளந்தேன், இருநூற்று எழுபது. பத்துக் குச்சி அளந்தேன். வட்டிலப்பம் வயிற்றுக்குள் கல்லாகிவிட்டது.

பதிவுப் புத்தகத்தைப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே இருந்தது. காலையில் பிள்ளையார் சுழி. அதன் பிறகு மின்சாரம் போய், நாற்பது நிமிஷத்துக்குப் பிறகு வந்திருக்கிறது. வந்ததும் நான் சுருளைத் தொடர்ந்திருக்கிறேன். சுழிதான் போட்டாயிற்றே என்று நினைத்துவிட்டேன். மின்சாரம் போய் வந்தால் வில்லைகளை முழு மின்னோட்டத்துக்கு ஏற்றி இறக்கி, மறுபடி சுழி போட வேண்டும். ஒரு சுருளுக்கு ஒரு சுழி என்றே பழகிப்போன எனக்கு அது தோன்றவே இல்லை. நான் எடுத்தவையெல்லாம் பத்தில் ஒரு பங்கு குறைத்துக் காட்டியிருந்தன. அப்படியானால் இருநூற்று முப்பது என்றது உண்மையில் இருநூற்று ஐம்பத்தைந்து. எல்லைக்கு மேலே.

சேரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழும்பி வந்து தானே மூன்று தரம் அளந்தார். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை, சும்மா கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வேற ஆருக்கும் தெரியுமோ?"

"இல்லீங்க சேர். நீங்களும் நானுந்தான்."

"இது வெளியில போனா விசாரணை வரும். பெட்டிசம் ஏற்கெனவே கோப்பில கிடக்கு. வேணுமெண்டு செய்தவை எண்டும் சொல்லுவினம்."

"தெரியுங்க சேர்."

என் வேலை போனால் வீட்டில் உலை கொதிக்காது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் என் மனதில் நின்றது அந்த மனிதர் இரண்டு கையாலும் பாத்திரத்தை நீட்டிய விதம்தான்.

"அப்ப என்னங்க சேர் செய்றது?"

"என்ன செய்யிறதோ? கடிதம் எழுதுறது," என்றார். "முதலில, பிழை எண்டு சொல்லுவம். சரி என்னவெண்டு பிறகு பாப்பம்."

தொலைபேசி இரண்டு நாளாக வேலை செய்யவில்லை. கடிதத்தையும் படங்களையும் கபில நிறக் கடித உறையில் போட்டுக்கொண்டு புறப்படும்போது பஸ்ஸும் நின்றுவிட்டது. நகரத்துக்கு நாலு மைல். எனக்கென்ன, அது வீட்டுக்குப் போகிற வழிதான். சேர் குடையை எடுத்துக்கொண்டு கூட நடக்கத் தொடங்கினார். வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. கையெழுத்து அவருடையதாம்.

பாதி வழியில் சோதனைச் சாவடி. சேரின் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பத்தாயிரம் மடங்கு பெருப்பித்துப் பார்க்கிற மனிதருக்கு அங்கே நாக்கு எழும்பவில்லை. நான் முன்னுக்குப் போய் நின்று சிங்களத்தில் பேசத் தொடங்கினேன். ஆமிக்காரப் பெடியன் உறையைத் திறந்து படத்தை எடுத்தான். எங்கள் படத்தைப் பார்த்திருக்கிறீர்களோ தெரியாது, கறுப்பு வெள்ளையில் வளைந்து வளைந்து ஓடும் பட்டைகள், அங்கங்கே அம்புக்குறி, இலக்கம், மூலையில் அளவுகோல். ஆகாயத்திலிருந்து எடுத்த ஊர்ப்படம் என்று யாரும் சத்தியம் செய்வார்கள்.

"மே மொகக்த?" என்று கேட்டான். என்ன இது என்று. குரல் மாறிவிட்டது. சார்ஜன்ட்டைக் கூப்பிட்டான். சார்ஜன்ட் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நஸீஹாவின் மென்சவ்வின் மேல் விரலை வைத்து ஓட்டிக்கொண்டே போய், என்னை விட்டுவிட்டு நேராகச் சேரைக் கேட்டார், இந்தப் பாதை எங்கே போகிறது என்று.

சேருக்குச் சிங்களம் அரைகுறை. அதிலும் பயத்தில் பாதி மறந்துவிட்டது. தெரிந்த ஒரே சொல்லைப் பிடித்து, மிக மரியாதையாக, "மூத்திரத்துக்கு, ஐயா" என்று சிங்களத்தில் சொன்னார்.

நான்தான் முதலில் சிரித்தேன், அடக்க முடியவில்லை. அடுத்தது அந்தப் பெடியன். பிறகு நான் கடிதத்தைக் காட்டி, ஒரு பெண்ணின் சிறுநீரகம் இது, நாங்கள் பிழையாக அளந்துவிட்டோம், அதைச் சொல்லத்தான் நடந்து போகிறோம் என்றேன். சார்ஜன்ட் கடிதத்தை ஆறுதலாக வாசித்தார். "பிழை என்று சொல்லவா இவ்வளவு தூரம் நடக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு உறையைத் திருப்பித் தந்தார். சேர் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வரைக்கும் என்னுடன் பேசவில்லை. வெட்கம்.

டொக்டர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "நான் அந்தக் குடும்பத்துக்கு நல்ல செய்தி சொல்லிவிட்டேனே," என்றார். "எப்போது சரியான பதில் தருவீர்கள்?" மின்சாரம் வந்து போகிற சீரில் எட்டு நாள் வேண்டும் என்றார் சேர். குடும்பத்துக்குத் தானே சொல்லிக்கொள்வதாக டொக்டர் சொன்னார். எனக்கு அந்த ஹாஜியாரின் முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

பிசினுக்குள் மிச்சமிருந்த துண்டு மிகச் சொற்பம். அது முடிந்துபோனால் பெண்ணின் முதுகில் மறுபடி ஊசி ஏற்ற வேண்டும். முதல் நாள் மின்சாரமே இல்லை. இரண்டாம் நாள் வீதியில் ஆமி லொறி போனது, அந்த அதிர்வில் ஏடு ஊதாவாக வந்தது. கத்தியை மாற்றினேன், தங்கம் வந்தது. கையைக் கழுவிவிட்டு வெளியே போய்ப் பாலில்லாத பிளேன்ரீ ஒன்று குடித்தேன். ஐந்தாம் நாள், மூச்சை அடக்கிக்கொண்டு வெட்டும் இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றியபோது தண்ணீரில் ஆறு வெள்ளி ஏடுகள் ஒன்றன் பின் ஒன்றாக மிதந்து வந்தன. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படியொரு வெள்ளியை நான் பார்த்ததில்லை. இமைமயிரால் மெல்லத் தள்ளி, படமெடுக்க ஏடுகளைத் தாங்கும் சின்னச் செப்பு வலையில் ஏற்றினேன்.

எட்டாம் நாள், படமெடுக்கிற அன்று, ஹாஜியாரும் நஸீஹாவும் வந்தார்கள். ஹாஜியார் என்னைப் பார்க்காமல் வாசலிலேயே நின்றுகொண்டார். நஸீஹா நேராக உள்ளே வந்து, "என்ட சவ்வ நான் பாக்க ஏலுமா?" என்று கேட்டாள். மெலிந்த பெண், கண் மட்டும் பெரிது. வெளியாட்களை விடுகிற வழக்கம் இல்லை. சேர் ஒரு கணம் யோசித்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"நிக்காஹ் நேரத்துல நான்தான் ஒங்களக் கலங்க வச்சிப்புட்டேன்," என்றேன். "மன்னிச்சிக்கங்க."

"நிண்டு போச்சு," என்றாள். "ரிப்போட் பிழையாம் எண்டு கேள்விப்பட்ட அண்டைக்கே மாப்பிள்ள வீட்டாக்கள் ஆள் அனுப்பிட்டாங்க, வாணாமெண்டு."

எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஒரு பெண்ணுடைய வாழ்க்கையை, சுழி ஒன்றைப் போட மறந்து, நான் நாசமாக்கிவிட்டேன் என்று நினைத்தேன். அவளோ பச்சை வெளிச்சத்தில் மின்னிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் உடம்பின் உட்பக்கத்தை அவள் அவ்வளவு அமைதியாகப் பார்த்தாள்.

சுழி போட்டேன். படமெடுத்தேன். முடியும்போது இன்னொரு தரம் சுழி போட்டேன். படங்களைக் கழுவிக் காயவைத்து, இந்தத் தரம் முப்பது இடத்தில் அளந்தேன். அளக்க அளக்கச் சேர் எழுதினார். முடிவைச் சொல்ல எங்களுக்கு அதிகாரமில்லை, அது டொக்டர் சொல்ல வேண்டியது. ஆனால் சேர் தாளை மேசையில் வைத்துவிட்டுக் கணக்குப் பொறியைத் தேடி அலுமாரிப் பக்கம் போனார். அவர் திரும்பி வருவதற்குள் நஸீஹா தாளைத் தன் பக்கம் திருப்பி, முப்பது எண்ணையும் மனதுக்குள்ளேயே கூட்டி, பிரித்து, "இருநூத்திப் பதினஞ்சு" என்றாள்.

சேர் பொறியில் போட்டுப் பார்த்தார். இருநூற்றுப் பதினைந்துதான். பிளவு எங்கேயும் இல்லை. முதல் தரம் நான் அளந்த நாலு இடத்தில் இரண்டு இடம் சரிவாக வெட்டுப்பட்டிருந்தது. வாழைக்காயைச் சரிவாக வெட்டினால் துண்டு நீள்கிற மாதிரி, சவ்வும் தடித்துத் தெரிந்திருக்கிறது. ஒரு பிழை குறைத்துக் காட்ட, மற்றப் பிழை கூட்டிக் காட்டியிருக்கிறது.

நஸீஹா தாளைப் பார்த்தபடியே இருந்தாள். "அப்ப முதலாவது ரிப்போட்டும் சரிதானே?" என்றாள்.

"விடை சரி. ஆனா அது சரியெண்டு எங்களுக்குத் தெரியாது," என்றார் சேர்.

அவள் தலையாட்டினாள். கணக்கு வாத்தியாருக்கு அது விளங்கும். வாசலுக்குப் போய்த் தகப்பனிடம் என்னவோ சொன்னாள். ஹாஜியார் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார்.

விசாரணை வந்தது. சேருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவோடு போனது. நாங்கள் பிடிபடவில்லை, நாங்களே சொன்னோம் என்று டொக்டர் எழுதிக் கொடுத்திருந்தாராம். நான் என் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைக்கலாமா என்று யோசித்தேன், அம்மா விடவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஹாஜியார் மறுபடி வந்தார். இந்தத் தரம் வெறுங்கை. சேர் எழும்பி நின்று, "எங்களால உங்களுக்குப் பெரிய கரைச்சல். கோவமில்லையோ?" என்று கேட்டார்.

"கோவம் வந்திச்சு சேர். எட்டு நாளும் வந்திச்சு. பொய் செல்ல மாட்டேன்," என்றார். "இப்ப மாப்பிள்ள வீட்டாக்கள் திரும்ப ஆள் அனுப்பீக்காங்க. புது ரிப்போட்டக் கேள்விப்பட்டுட்டாங்க. நான் மகள்ட கேட்டேன். இருநூத்திப் பதினஞ்சுக்கு முந்தி ஒரு மாதிரி, பிந்தி ஒரு மாதிரி நிக்கிற ஆக்கள் எனக்கு வாணாம் வாப்பா எண்டு செல்லிட்டா."

சேர் ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் போட்டார்.

"அதோட அவ உட்டுடல்ல," என்றார் ஹாஜியார், என் பக்கம் திரும்பி. "பிழையெண்டு தெரிஞ்ச உடன நாலு மைல் நடந்து வந்து செல்ற ஆக்களும் துனியாவுல ஈக்காங்கதானே வாப்பா, அப்பிடி ஒரு மாப்பிள்ளையப் பாருங்க எண்டு செல்றா. நான் எங்க போய்த் தேட, நீங்களே செல்லுங்க."

நான் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். வெளியே சேர், "பிள்ளை படம் கழுவுறா, கதவு திறக்கேலாது" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.